வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய்ப் பரிசோதனை: முதலில் கேட்க வேண்டியது எந்த நோய் என்று

கர்ப்ப காலத்தில் எல்லாரும் கேட்க ஏங்கும் ஒரு வார்த்தை உண்டு: "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்." அதைக் கேட்டதும் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் மூச்சு சீராகிறது. அது எந்தப் பரிசோதனையின் ரிப்போர்ட், எதைத் தேடியது, எதைத் தேடவே இல்லை என்று அந்த நேரத்தில் கேட்பவர்கள் குறைவு. பரம்பரை நோய் ஓடும் குடும்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எந்த நோயும் கிடையாது என்று மொத்தமாகச் சொல்லிவிடும் பரிசோதனை இதுவரை வரவில்லை. ஒவ்வொரு பரிசோதனையும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

ஒரு தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் கேரியர்கள், அதாவது அந்த நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள். அது அவர்களுக்குத் தெரியாது. பதினோராவது வாரத்தில் மனைவியின் கையில் ரத்தம் எடுத்து என்.ஐ.பி.டி. என்ற புதுவகைப் பரிசோதனை செய்கிறார்கள். 'அபாயம் குறைவு' என்று பதில் வருகிறது. குழந்தை நல்ல எடையோடு பிறக்கிறது. ஆறேழு மாதத்தில் வெளுத்துப்போகிறது, பால் குடிக்கவே சோர்ந்துபோகிறது. பார்த்தால் தலசீமியா மேஜர், அந்த நோயின் கடுமையான வடிவம். இனி சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

அந்த ரிப்போர்ட் பொய்யா? இல்லை. அது குரோமோசோம்களை எண்ணியது, எண்ணிக்கை சரியாக இருந்தது. தலசீமியாவைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதனால் சொல்லியிருக்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ள நூற்கண்டுகளை நினைத்துப் பாருங்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 46 நூற்கண்டுகள், 23 ஜோடிகளாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. இவைதான் குரோமோசோம்கள். கண்டில் சுற்றியிருக்கும் நூல் டி.என்.ஏ. அந்த நூலின் சிறுசிறு பகுதிகள்தான் மரபணுக்கள். ஒரு கண்டு கூடுதலாக இருந்தால் எண்ணினாலே தெரிந்துவிடும். டவுன் சிண்ட்ரோம் அப்படிப்பட்டது, அதில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். ஆனால் ஒரு கண்டின் உள்ளே, ஓர் இடத்தில் மட்டும் நூல் நைந்திருந்தால்? எத்தனை முறை எண்ணினாலும் தெரியாது. அந்தக் கண்டைப் பிரித்து, அந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். தலசீமியா, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா, தசைநார்ச் சிதைவு, அரிவாள் செல் ரத்தசோகை எல்லாம் இப்படி நூல் நைந்த நோய்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். டவுன் சிண்ட்ரோமோ பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை, கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நடக்கும் பிசகு. பேச்சில் இரண்டையும் 'மரபணுப் பிரச்சினை' என்று ஒரே வார்த்தையால் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி வருகிறது

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. தலசீமியா போன்ற நோய்களில் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். அந்த ஆள்தான் கேரியர். வாழ்நாள் முழுக்க அது அவருக்குத் தெரியாமலே போகலாம். இரண்டு கேரியர்கள் சேர்ந்து பெறும் குழந்தைக்கு, இருவரிடமிருந்தும் கெட்ட பிரதியே வர நான்கில் ஒரு வாய்ப்பு. நான்கில் இரண்டு பங்கு, பெற்றோரைப் போலவே கேரியராக இருக்க. மீதி ஒரு பங்கு, இரண்டும் நல்ல பிரதியாக வர.

இந்த 'நான்கில் ஒன்று' என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கு வராது" என்று ஆறுதல் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு அப்படி வராது. நாணயத்தைச் சுண்டும்போது போன முறை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாக நான்கில் ஒன்று. நெருங்கிய ரத்த உறவில் திருமணம் செய்தவர்களுக்கு ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல், ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் என்பதால்.

வேறு சில நோய்கள் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதனால் ஆணுக்குச் சமாளிக்க மறு பிரதி கிடையாது. ஹீமோஃபீலியாவும் டுஷென் தசைநார்ச் சிதைவும் அப்படி. அம்மா கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இன்னொரு வகையில் ஒரே ஒரு கெட்ட பிரதி போதும். பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டி மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் அதற்கு உதாரணம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் குழந்தையிடம் புதிதாக முளைக்கும் மாற்றங்களும் உண்டு. டுஷென் நோயில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படித்தான் வருகிறது.

கர்ப்பத்துக்கு முன்பே முடியும் வேலை

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான். வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தொடாமலே, பெற்றோரின் ரத்தத்திலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தலசீமியாவையே பாருங்கள். சாதாரண ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் ஒன்றை எடுத்து, ஹீமோகுளோபினுக்குக் கொஞ்சம் கீழே எம்.சி.வி. என்று இருக்கும் வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. பெரியவர்களுக்கு 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். இரும்புச்சத்துக் குறைவிலும் இது குறையும். அதனால் பலரும் இரும்பு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த படியாக ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்க வேண்டும். அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பீட்டா தலசீமியா கேரியர். ஒருவர் கேரியர் என்றால் அடுத்த நாளே துணைவருக்கும் பார்க்க வேண்டும். துணைவர் கேரியர் இல்லை என்று தெரிந்துவிட்டால், குழந்தைக்கு தலசீமியா மேஜர் வரும் கவலை அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும். ஊசியும் வேண்டாம், பல வாரக் காத்திருப்பும் வேண்டாம்.

மற்ற நோய்களுக்கு மரபணுவையே படிக்கும் கேரியர் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒரே ரத்த மாதிரியில் நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்ப்பவையும் உண்டு. 'கேரியர் இல்லை' என்று வந்தாலும் கொஞ்சம் அபாயம் மிச்சமிருக்கும், ஏனென்றால் எந்தப் பட்டியலும் எல்லா மாற்றங்களையும் பிடித்துவிடாது. 'கேரியர்' என்று வந்தால் அதில் வெட்கப்படவோ பழி போடவோ எதுவும் இல்லை. நம்மில் அநேகமாக ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றிரண்டு நோய்களுக்குக் கேரியர்தான். "உன் பக்கத்திலிருந்து வந்ததா, என் பக்கத்திலிருந்து வந்ததா" என்ற சண்டை எந்தக் குழந்தைக்கும் உதவியதில்லை.

ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தையோ உறவினரோ இருந்தால் வேலை இன்னும் குறிப்பாக வேண்டும். நோயின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தக் குடும்பத்தில் நூல் எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பீட்டா தலசீமியாவுக்கே இருநூறுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் குடும்பத்தில் இருப்பது எது? அதைப் பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடித்து, பெற்றோரிடம் உறுதிசெய்து வைத்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் ஆய்வகம் நேராக அந்த இடத்துக்குப் போகும். அது தெரியாமல் பதினாறாவது வாரத்தில் வந்து நின்றால், முதலில் மாற்றத்தைத் தேடி அப்புறம் கருவைப் பார்ப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நோயுற்ற குழந்தை பிழைக்காது என்ற நிலையில் இருக்கும் குடும்பத்திடம் டி.என்.ஏ.வுக்காகக் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சேமித்து வைக்கட்டுமா என்று மருத்துவர்கள் கேட்பதுண்டு. அந்த நேரத்தில் அது கொடுமையான கேள்வியாகத்தான் கேட்கும். ஆனால் பின்னால் பிறக்கப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ அந்தச் சில துளிகள்தான் வழிகாட்டும்.

ஸ்க்ரீனிங் சொல்வது வாய்ப்பை மட்டும்

கர்ப்ப காலப் பரிசோதனைகளில் ஒரு பகுதி ஸ்க்ரீனிங், அதாவது அபாயம் கூடுதலா குறைவா என்று சலித்துப் பார்ப்பது. இன்னொரு பகுதி உறுதிசெய்யும் பரிசோதனை, அதாவது இருக்கிறதா இல்லையா என்று சொல்வது.

11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனில் குழந்தையின் பிடரிப் பக்கத்தில் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவையும் சேர்த்து டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். 18 முதல் 22 வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன். இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் அதில் தெரியும். ஆனால் ஹீமோஃபீலியாவையோ டுஷென் நோயையோ ஸ்கேனில் காண முடியாது, அந்தக் குழந்தைகள் திரையில் முழு ஆரோக்கியமாகவே தெரிவார்கள்.

என்.ஐ.பி.டி. பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1997இல் டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2011 முதல் அது நடைமுறைப் பரிசோதனையாக வந்தது. பத்தாவது வாரத்திலிருந்து செய்யலாம். கையில் ரத்தம் எடுத்தால் போதும், குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. டவுன் சிண்ட்ரோமை மிக நன்றாகப் பிடிக்கும்.

அப்படியும் இது உறுதிசெய்யும் பரிசோதனை ஆகாது. அந்தத் துணுக்குகள் வருவது நஞ்சுக்கொடியிலிருந்து. அரிதாக நஞ்சுக்கொடி ஒரு மாதிரியும் குழந்தை வேறு மாதிரியும் இருக்கும். அதோடு கணக்கு ஒன்றும் இருக்கிறது. பத்தாயிரம் கர்ப்பிணிகளில் பத்துப் பேரின் கருவுக்கு ஒரு குறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்தப் பத்தையும் பிடிக்கிறது, மீதியில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மட்டும் தவறாக மணி அடிக்கிறது. மிக நல்ல பரிசோதனைதான். ஆனாலும் தவறாக மணி அடித்தது சுமார் பத்துப் பேருக்கு. ஆக, 'அபாயம் அதிகம்' என்று கேட்ட இருபது பேரில் பாதிப் பேரின் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து, திரும்பப் பெற முடியாத எந்த முடிவையும் எடுக்கவே கூடாது.

அம்மாவே கேரியராக இருக்கும் நோய்க்கு இந்த ரத்தப் பரிசோதனை ஏன் எளிதில் உதவுவதில்லை என்றும் பலர் கேட்கிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் கருவுடையது, மீதி எல்லாம் அம்மாவுடையது. கெட்ட பிரதி அம்மாவிடமே இருக்கும்போது, கண்ணில் பட்டது அம்மாவுடையதா குழந்தையுடையதா என்று பிரிப்பது கடினம். சில ஆய்வகங்கள் செய்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் நம்பிக் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

ஊசி போகும் பரிசோதனைகள்

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் கருவின் செல்களே வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று சி.வி.எஸ்., நஞ்சுக்கொடியிலிருந்து கடுகளவு திசு எடுப்பது, 11 முதல் 14 வாரத்துக்குள். இன்னொன்று ஆம்னியோசென்டெசிஸ், பனிக்குட நீர் எடுப்பது, 15 வாரம் முடிந்த பிறகு.

பனிக்குட நீர் எடுப்பதைப் பற்றி வீடுகளில் பயங்கரமான கதைகள் உலவுகின்றன. நடப்பது இதுதான். படுக்கவைத்து, வயிற்றில் சில்லென்ற கிருமிநாசினி தடவுவார்கள். ஸ்கேன் கருவியை ஒரு கையில் வைத்துக்கொண்டே, குழந்தை இல்லாத ஒரு நீர்ப் பையைத் திரையில் தேடுவார்கள். மெல்லிய நீண்ட ஊசி உள்ளே போகும்போது திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், நுனி எங்கே இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஊசி கருப்பைச் சுவரைத் தாண்டும்போது ஓர் அழுத்தம், மாதவிடாய் நேரத்து வலி போல. முதலில் வரும் ஓரிரண்டு மில்லியில் அம்மாவின் செல்கள் கலந்திருக்கலாம் என்று தனியாக வைத்துவிட்டு, வைக்கோல் நிறத்தில் 15, 20 மில்லி நீரை எடுப்பார்கள். உடல் அதைத் திரும்ப ஊறவைத்துவிடும். ஊசி உள்ளே இருப்பது ஓரிரு நிமிடம். அப்புறம் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்கும்வரை அம்மாவின் கை யாருடைய கையையாவது பிடித்திருக்க வேண்டும், கூட ஒருவர் போவது அதற்காகவே நல்லது.

கரு கலையும் ஆபத்து உண்டா? உண்டு, ஆனால் சிறியது. பழைய புத்தகங்களில் நூற்றில் ஒன்று என்று இருக்கும். இப்போது அனுபவமுள்ள கைகளில் இருநூறில் ஒன்றுக்கும் குறைவு என்கிறார்கள். சீக்கிரம் தெரிய வேண்டும் என்று காலத்தை முன்னே தள்ளுவதுதான் ஆபத்து. 15 வாரத்துக்கு முன் பனிக்குட நீர் எடுத்தால் கரு கலைவதும் குழந்தையின் பாதம் வளைவதும் கூடுகிறது. 10 வாரத்துக்கு முன் சி.வி.எஸ். செய்தால் கைகால் குறைபாடு வரலாம். அம்மாவின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், நீர்க் கசிவு, ரத்தப்போக்கு எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டில் எது? குடும்பத்தின் மரபணு மாற்றம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் சி.வி.எஸ்.தான் நல்லது என்பேன், பன்னிரண்டு வாரத்திலேயே விடையை நோக்கிப் போய்விடலாம். ஆனால் குரோமோசோம் எண்ணிக்கைக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. நூற்றில் ஒன்று, இரண்டு பேருக்கு நஞ்சுக்கொடியில் மட்டும் கலப்பு தெரிந்து, பிறகு பனிக்குட நீரையும் பார்க்க வேண்டி வரும்.

மாதிரி எடுத்தாகிவிட்டது, அப்புறம்?

இங்கேதான் இரண்டாவது குழப்பம். ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள், இனி எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். எடுத்தது வெறும் மாதிரி. அதில் என்ன பார்க்கச் சொல்லி ஆய்வகப் படிவத்தில் எழுதியிருக்கிறது என்பதில்தான் விஷயம். சில குரோமோசோம்களை மட்டும் இரண்டு மூன்று நாளில் எண்ணிச் சொல்லும் விரைவுப் பரிசோதனை ஒன்று. செல்களை வளர்த்து 46ஐயும் பார்க்கும் கேரியோடைப், சுமார் இரண்டு வாரம். குரோமோசோமில் கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் காட்டும் மைக்ரோஅரே. இவை மூன்றும் நார்மல் என்று வந்தாலும் தலசீமியா இருக்கலாம்! அதற்கு, பெற்றோரிடம் கண்டுபிடித்த அந்த மாற்றத்தைக் குறிப்பிட்டு, அதைத் தேடச் சொல்ல வேண்டும். படிவத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். நோயின் பெயரும் மாற்றத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரேயடியாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையும் இருக்கிறது. ஸ்கேனில் குறை தெரிந்து காரணம் புரியாதபோது அது கைகொடுக்கும். ஆனால் 'மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா என்று தெரியவில்லை' என்ற பதிலும் அதில் வரும். கர்ப்பிணி ஒருத்திக்கு இதைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும் பதில் வேறு இல்லை. பரிசோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து, இப்படி வந்தால் என்ன செய்வோம் என்று பேசிவிடுவது நல்லது.

ஹண்டிங்டன் போன்ற நோயில் இன்னொரு நுட்பம் உண்டு. அப்பாவுக்கு அந்த நோய் வருமா என்று அவரே தெரிந்துகொள்ள விரும்பாமல் இருக்கலாம். கருவில் அது இருக்கிறது என்று தெரிந்த நொடியில் அவருடைய விதியும் தெரிந்துவிடும். குழந்தைக்குச் செய்யும் பரிசோதனை அப்பாவுக்கும் செய்ததாகிவிடுகிறது.

கர்ப்பம் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, ஐந்தாறு நாள் வயதில் சில செல்களை எடுத்துப் பார்த்து, நோய் இல்லாத கருவைக் கருப்பையில் வைப்பது. எக்ஸ் குரோமோசோம் நோயுள்ள குடும்பங்களுக்காக லண்டனில் ஆலன் ஹேண்டிசைடும் குழுவினரும் 1990இல் இதை முதலில் செய்துகாட்டினார்கள். உடலுக்கும் மனதுக்கும் பணத்துக்கும் கனமான வழி இது, ஒரே முயற்சியில் கர்ப்பம் தங்கும் என்றும் சொல்ல முடியாது. சில செல்களை வைத்துப் பார்ப்பதால், கர்ப்பம் தங்கிய பிறகு சி.வி.எஸ். அல்லது ஆம்னியோ செய்து உறுதிசெய்யச் சொல்வார்கள்.

முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பது பெற்றோருடையது. கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கேள்விக்குச் சட்டமும் கால வரம்பும் நாட்டுக்கு நாடு வேறு, அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பரிசோதனை என்றாலே கலைப்பதற்குத்தான் என்று நினைத்து ஒதுங்குபவர்களிடம் ஒன்று சொல்ல ஆசை. தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கு 2016 முதல் மருந்து வந்துவிட்டது. அறிகுறி தெரிவதற்கு முன்பே தொடங்கினால்தான் அது மிக நன்றாக வேலை செய்கிறது. முன்கூட்டியே தெரிந்த குடும்பம், பிறந்த முதல் வாரங்களிலேயே சிகிச்சைக்குத் தயாராக இருக்கும்.

பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுப்பதும் சரியான முடிவுதான். அப்போதும் குடும்பத்தில் இருக்கும் நோயைப் பிரசவம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள். அம்மா ஹீமோஃபீலியா கேரியர் என்று தெரிந்தால், குழந்தையின் தலைக்குள் ரத்தம் கசியலாம் என்பதால் வாக்வம், ஆயுதம் போட்டு இழுப்பதைத் தவிர்ப்பார்கள். பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்தே ரத்தம் எடுத்து, ரத்தத்தை உறையவைக்கும் காரணி எட்டு (நோயின் வகையைப் பொறுத்து ஒன்பது) எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பதில் வரும்வரை பையனின் தொடையில் எந்த ஊசியும் போடாமல் காத்திருப்பார்கள்.